சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா?

சப்டைட்டில் கோப்பு என்றதும் ஏதோ பெரிய மென்பொருள் வேண்டும் என்று பயப்பட வேண்டாம், .srt என்று முடியும் எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், உள்ளே இருப்பது வெறும் எழுத்துதான். ஒரு வரிசை எண், அடுத்த வரியில் 00:01:15,200 --> 00:01:18,000 என்று நேரம், அதன் கீழே வசனம், பிறகு ஒரு வெற்று வரி. அவ்வளவுதான் விஷயம். எழுத்துப்பிழை இருந்தால் நீங்களே திருத்தலாம்.

ஆனால் தமிழில் சேமிக்கும்போது கவனம். 'சேவ் ஆஸ்' பெட்டியில் என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) என்ற இடத்தில் யுடிஎஃப்-8 இருக்க வேண்டும். தெரியாமல் ஆன்சி என்று விட்டுவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், மூடிவிட்டுத் திரும்பத் திறந்தாலும் வராது. நான் ஒரு முழு மாலை தட்டியதை இப்படித்தான் தொலைத்தேன். கேள்விக்குறி இல்லாமல் கட்டம் கட்டமாக வந்தால், பெரும்பாலும் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை. கோப்பில் கை வைக்காதீர்கள்.

அப்புறம், வீடியோவுக்கும் சப்டைட்டிலுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டால் விஎல்சி பிளேயர் தானே எடுத்துக்கொள்ளும். வசனம் முந்தினால் ஹெச், பிந்தினால் ஜி விசையை அழுத்துங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லிவினாடி நகரும்.

இணையப் பக்கத்தில் வீடியோ போடுபவர்களுக்கு எஸ்ஆர்டி உதவாது, பிரவுசர் கேட்பது வெப்விடிடி என்ற இன்னொரு சப்டைட்டில் வடிவம். மாற்றுவது சுலபம்: முதல் வரியில் WEBVTT என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, அடுத்து ஒரு வெற்று வரி விட்டு, நேரத்தில் வரும் காற்புள்ளியை எல்லாம் புள்ளியாக்கி, கோப்பின் பின்னொட்டை .vtt என்று மாற்றிவிடுங்கள்.