பன்னிரண்டு கண்ணாடிகளில் ஒரு தொட்டிப்பாலம்: அலுவலகக் குழுவுக்கு ஒரு கண்ணாடி ஓவியப் பட்டறை

அலுவலகத்தில் உள்ளவர்களை உட்காரவைத்து ஆளுக்கொரு கண்ணாடியும் வண்ணமும் கொடுத்தால், ஆளுக்கொரு பூவை வரைந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பொழுது நன்றாகப் போகும். குழுவுக்கு ஒரு பயனும் இல்லை. ஒருவருடைய கோடு முடிகிற இடத்தில் அடுத்தவருடைய கோடு தொடங்கியாக வேண்டும் என்ற நிலை வந்தால்தான் பேச்சு எழும். எனவே பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கண்ணாடி, ஒரே படம்.

1. படத்தைத் தேர்ந்தெடுங்கள்

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்வது மாத்தூர் தொட்டிப்பாலம். பாசனத் தண்ணீரைத் தொட்டி போன்ற கால்வாயில் ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் பாலம் இது. பரளியாற்றின் மேல் 1966-இல் கட்டப்பட்டது, 115 அடி உயரம். தொட்டி படத்தின் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடும். தூண்கள் மேலிருந்து ஆறுவரை இறங்கும். அதனால் எந்தக் கண்ணாடியும் தனித்து நிற்க முடியாது. 28 தூண்களையும் வரைய ஆசைப்பட வேண்டாம், நான்கு போதும். வள்ளுவர் சிலையைக் கேட்பவர்கள் இருப்பார்கள். முகம் ஒரே ஆளின் கண்ணாடியில் விழுந்துவிடும், மற்றவர்களுக்கு வெறும் கடல்தான் மிஞ்சும்.

2. பொருள்கள்

கண்ணாடியை நீங்களே வெட்ட வேண்டாம். கடையில் 4 மி.மீ. கண்ணாடியை 20 செ.மீ. சதுரங்களாக வெட்டி, ஓரங்களைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். உடைந்தால் மாற்ற இரண்டு கூடுதலாக வாங்குங்கள். அவுட்லைனர் (மேடான கோடு போடப் பிழியும் குழாய் வண்ணம்), தண்ணீரில் கரையும் கிளாஸ் கலர், பிரஷ், குண்டூசி, ஸ்பிரிட், பழைய பருத்தித் துணி ஆகியவையும் வேண்டும்.

தண்ணீர் வண்ணத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரைப்பான் கலந்த வண்ணத்துக்கு ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றில் ஜன்னலைத் திறந்தால் ஈர வண்ணத்தில் தூசிதான் ஒட்டும். இங்கே இரண்டு பருவமழையும் பெய்வதால் ஈரப்பதத்தில் வண்ணம் காய நேரமாகும். ஜனவரி, பிப்ரவரி நல்லது.

3. முதல் நாள்: கோடு

80 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரமுள்ள தாளில் முழுப் படத்தையும் பென்சிலால் வரைந்து, நான்குக்கு மூன்று கட்டங்களாகப் பிரித்து எண் இடுங்கள். தாளைக் கட்டம் கட்டமாக வெட்டுவதற்கு முன், பக்கத்துக் கட்டக்காரர்கள் இருவரும் சேர்ந்து, கோடு விளிம்பைத் தொடும் இடத்தை அளவுகோல் வைத்துக் குறிக்க வேண்டும். இந்தப் பட்டறையின் உயிர் இந்த வேலையில்தான் இருக்கிறது, அவசரப்படுத்தாதீர்கள். தொட்டியின் அடிக்கோடு எத்தனை சென்டிமீட்டரில் வர வேண்டும் என்று மேல்வரிசை நால்வரும் வாதாடட்டும். மேலாளருக்கு ஓரக் கட்டம் கொடுங்கள். நடுவில் உட்கார்ந்தால் அளவை அவரே சொல்லிவிடுவார்.

கண்ணாடியை ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். விரல் எண்ணெய் இருந்தால் வண்ணம் பிடிக்காது. தாளை அடியில் ஒட்டி, அவுட்லைனரை முதலில் காகிதத்தில் பிழிந்து காற்றை வெளியேற்றிவிட்டு, முனையைக் கண்ணாடியில் அழுத்தாமல் சற்றுத் தூக்கிப் பிடித்துக் கோடு போடுங்கள். கோடுகள் எங்கும் விடுபடாமல் மூட வேண்டும், இல்லையென்றால் வண்ணம் ஒழுகும். கோணிப்போன கோட்டை உடனே துணியால் துடைத்துவிடலாம். இரவு முழுவதும் காயட்டும்.

4. மறுநாள்: வண்ணம்

கண்ணாடிகளை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் போட்ட கோட்டுக்குள் அடுத்தவர் வண்ணம் நிரப்புவார். அவர் முகம் சுளித்தால்தான் உங்கள் கோட்டில் எங்கே விரிசல் என்று தெரியும். ரப்பர் மரப் பச்சையும் ஆற்று நீலமும் எல்லோருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து வர வேண்டும், தனித்தனியாகக் கலந்தால் கட்டத்துக்குக் கட்டம் நிறம் மாறும். வண்ணத்தைக் கோட்டோரத்திலிருந்து நடுவை நோக்கித் தாராளமாக விடுங்கள். பிரஷால் தேய்த்தால் திட்டுத்திட்டாகும். குமிழி வந்தால் குண்டூசியால் குத்துங்கள். சமமான மேசையில் ஒரு நாள் அசைக்காமல் கிடக்கட்டும்.

கண்ணாடி உடைந்தால் துண்டுகளைக் கையால் பொறுக்கக் கூடாது. பெரியவற்றை அட்டையால் ஒதுக்கி, பொடியை ஈரச் செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள்.

5. சட்டம்

பன்னிரண்டும் சேர்ந்தால் கண்ணாடி மட்டும் ஏறக்குறைய ஐந்து கிலோ இருக்கும். ஒட்டுப் பசையை நம்பாமல், தச்சரிடம் நான்குக்கு மூன்று கட்டமுள்ள மரச்சட்டம் செய்யச் சொல்லுங்கள். வெளிச்சம் வரும் ஜன்னல் முன்னால் மாட்டி, வண்ணம் பூசிய பக்கத்தை அறையை நோக்கி வையுங்கள். மழைச் சாரல் அதில் படக் கூடாது. அந்தப் பக்கத்தை உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.