லாஜிஸ்டிக்ஸ், சப்ளை செயின் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாஜிஸ்டிக்ஸ் அண்ட் சப்ளை செயின் மேனேஜ்மென்ட் என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு விதமான படிப்புகள் இருக்கின்றன. ஒரு கல்லூரியில் அது கப்பல், துறைமுகம், சுங்கம் பற்றிய படிப்பு. இன்னொரு கல்லூரியில் பொதுவான மேலாண்மைப் பட்டம். அங்கே சப்ளை செயின் என்பது கடைசி இரண்டு செமஸ்டர்களில் வரும் மூன்று நான்கு பாடங்கள்தான். மூன்றாவது வகை தொழிற்பொறியியல் துறையிலிருந்து கிளைத்தது. புள்ளியியல், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (சிறந்த முடிவைக் கணிதத்தால் தேடுவது), சிமுலேஷன் (கணினியில் ஒத்திகை பார்ப்பது) என்று கணக்கு நிறைந்திருக்கும். நான்காவது, கிடங்கு மேற்பார்வையாளருக்கான பயிற்சியைப் பட்டப்படிப்பாக நீட்டியது. நான்கில் எதுவும் மட்டம் இல்லை. ஆனால் படித்து முடித்தவர்கள் போய்ச் சேரும் வேலை ஒன்றல்ல. பெயரைப் பார்த்துச் சேர்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே கிளைக்கின்றன.

பெயருக்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது செமஸ்டர் வாரியான பாடத்திட்டம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடத்தையும் ஆறு பிரிவுகளில் ஒன்றில் போடுங்கள்: கொள்முதல்; உற்பத்தித் திட்டமிடலும் இருப்பு மேலாண்மையும்; கிடங்கும் போக்குவரத்தும்; வர்த்தக ஆவணங்களும் சட்டமும்; கணக்கும் தரவும்; பொது மேலாண்மை. ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள கிரெடிட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஆறாவது பிரிவே பாதிக்கு மேல் போனால், அது லேபிள் மாற்றிய மேலாண்மைப் பட்டம். இரண்டாவதும் ஐந்தாவதும் காலியாக இருந்தால், திட்டமிடல் வேலைகளுக்கு அந்தப் பட்டம் உதவாது. அரை மணி நேரம் செலவழித்தால் போதும். சேர்க்கை ஆலோசகரிடம் எவ்வளவு நேரம் பேசினாலும் இவ்வளவு தெளிவு கிடைக்காது.

பாடத்திட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்றும் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. சர்வதேச வர்த்தக சபையான ஐசிசி வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் விதிகள், விற்பவர் எங்கே வரை செலவையும் ஆபத்தையும் ஏற்க வேண்டும், எங்கிருந்து வாங்குபவர் ஏற்க வேண்டும் என்று வரையறுப்பவை. தற்போதைய பதிப்பு 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 11 விதிகள். பாடத்திட்டத்தில் 13 விதிகள் என்று இருந்தால், அது 2000ஆம் ஆண்டுப் பதிப்போ அதற்கும் முந்தையதோ. டிஏடி (டெர்மினலில் இறக்கி ஒப்படைப்பது) என்ற விதி இன்னும் இருந்தால், அது 2010ஆம் ஆண்டுப் பதிப்பு. 2020இல் அதன் இடத்தில் டிபியு (குறித்த எந்த இடத்திலும் இறக்கி ஒப்படைப்பது) வந்துவிட்டது. இந்த ஒரு பக்கத்தைத் திருத்தாத துறை, மற்ற பக்கங்களையும் திருத்தியிருக்க வாய்ப்பு குறைவு.

வாய்ப்புக் கிடைத்தால் ஆசிரியர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கண்டெய்னர் சரக்குக்கு, இன்கோடெர்ம்ஸ் விதிகளில் ஒன்றான எஃப்ஓபி ஏன் பொருந்தாது? எஃப்ஓபியில் ஆபத்து கைமாறுவது சரக்கு கப்பலில் ஏற்றப்பட்ட பிறகு. கண்டெய்னரையோ விற்பவர் டெர்மினலில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். அது கப்பலில் ஏறும் வரை, தன் கையில் இல்லாத சரக்குக்கு அவர் பொறுப்பாளி. அதனால்தான் கண்டெய்னருக்கு, சரக்கை வாங்குபவரின் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்ததுமே ஆபத்து கைமாறும் எஃப்சிஏ விதி பரிந்துரைக்கப்படுகிறது. தொழில் தெரிந்தவருக்கு இந்தப் பதில் உடனே வரும். ஒப்பந்தங்களில் இன்றும் எஃப்ஓபி என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

அடுத்த தவறு, கணக்கிலிருந்து தப்பிக்க இந்தப் படிப்பை எடுப்பது. பொறியியல் கடினம், கணக்குப்பதிவு சலிப்பு, ஆகவே லாஜிஸ்டிக்ஸ் என்று வருபவர்கள் ஏராளம். கால்குலஸ் அதிகம் வராது என்பது உண்மை. நிகழ்தகவும் புள்ளியியலும் தினமும் வரும். ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்த்தால் இது எப்படிப்பட்ட கணக்கு என்று புரியும்.

ஒரு பொருள் நாளொன்றுக்குச் சராசரியாக 100 விற்கிறது, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 20. ஆர்டர் போட்டால் சரக்கு வந்து சேர 9 நாள், இதுதான் லீட் டைம். 100 ஆர்டர் சுழற்சிகளில் 95இல் சரக்கு தீர்ந்துபோகாமல் இருக்க எவ்வளவு சேஃப்டி ஸ்டாக், அதாவது பாதுகாப்புக்கான கூடுதல் இருப்பு, வேண்டும்? புள்ளியியல் அட்டவணைப்படி 95 சதவீதத்துக்கான காரணி ஏறத்தாழ 1.65. அதை 20ஆலும் 9இன் வர்க்கமூலமான 3ஆலும் பெருக்கினால் 99. இதோடு 9 நாள் விற்பனையான 900ஐக் கூட்டினால் 999. இருப்பு 999க்கு இறங்கியதும் அடுத்த ஆர்டரைப் போட வேண்டும். இதுவரை எல்லாப் பாடத்திலும் வரும்.

இப்போது சப்ளையர் சரியாக 9ஆம் நாள் வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரி 9தான், திட்ட விலக்கம் 2 நாள். 9ஐ 20இன் வர்க்கத்தால் பெருக்கினால் 3,600. 100இன் வர்க்கத்தை 2இன் வர்க்கத்தால் பெருக்கினால் 40,000. கூட்டினால் 43,600, வர்க்கமூலம் ஏறத்தாழ 208.8, 1.65ஆல் பெருக்கினால் 345. தேவையான சேஃப்டி ஸ்டாக் 99லிருந்து 345க்கு ஏறிவிட்டது.

விஷயம் இதற்குப் பிறகுதான் சுவையாகிறது. விற்பனையைத் துல்லியமாகக் கணிக்க விலை உயர்ந்த மென்பொருள் வாங்கி, தேவையில் உள்ள ஏற்ற இறக்கத்தை அடியோடு ஒழித்துவிட்டதாகவே கொள்ளுங்கள். சேஃப்டி ஸ்டாக் 330 ஆகும், குறைந்தது 15தான். லீட் டைமை 9 நாளிலிருந்து 4 நாளாகக் குறைத்து, 2 நாள் ஆட்டத்தை அப்படியே விட்டால் 337. சப்ளையர் அதே 9 நாள் எடுத்துக்கொண்டாலும் சொன்ன நாளில் வந்தால் 99. ஆக, பேச வேண்டியது மென்பொருள் விற்பவரிடம் அல்ல, சப்ளையரிடம். இந்தத் தொழிலில் நல்ல சம்பளம் வாங்குபவர்கள் செய்யும் வேலையின் சாரம் இதுதான். மேலே உள்ள இரண்டு பத்திகளைப் படிக்கும்போது அலுப்புத் தட்டியது என்றால், சேர்வதற்கு முன் ஒருமுறை யோசிப்பது நல்லது. பேனாவை எடுத்து, 99 சதவீதத்துக்கு 2.33 என்ற காரணியை வைத்துப் போட்டுப் பார்க்கத் தோன்றினால், இது உங்களுக்கான துறை. விடை ஏறத்தாழ 487.

லாஜிஸ்டிக்ஸும் சப்ளை செயினும் ஒன்றே என்று நினைப்பதும் பின்னால் சிக்கலைத் தரும். சரக்கை எடுத்து, வைத்து, அனுப்பிச் சேர்ப்பது லாஜிஸ்டிக்ஸ். எதை, எவரிடம், எவ்வளவு, எப்போது வாங்குவது, எங்கே தயாரிப்பது, எவ்வளவு இருப்பு வைப்பது என்ற முடிவுகளையும் சேர்த்தது சப்ளை செயின். இரண்டிலும் நாள் போகும் விதம் வேறு. போக்குவரத்து, கிடங்கு வேலைகளில் ஷிஃப்ட் உண்டு, இரவு உண்டு, பண்டிகைக் காலத்தில் விடுப்பு கிடைக்காது. கப்பலுக்கான கட்ஆஃப் நேரம் மாலை ஆறு என்றால் ஆறேகாலுக்குச் செய்த வேலைக்குப் பயனில்லை. திட்டமிடல் வேலையில் பெரும்பாலும் பகல் நேரம்தான். ஆனால் விற்பனைத் துறை, உற்பத்தித் துறை, நிதித்துறை மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து எண்களை வைத்து வாதாட வேண்டும். தொலைபேசியில் பேசக் கூச்சப்படுபவருக்கு முதலாவது நரகம். எக்செல் பிடிக்காதவருக்கு இரண்டாவது.

துறைமுகமோ பெரிய கிடங்கோ இருக்கும் ஊரில்தான் வேலை கிடைக்கும் என்பதும் இந்தக் குழப்பத்தின் நீட்சி. மருத்துவமனைக்கும் மருந்து நிறுவனத்துக்கும் துணிக்கடைச் சங்கிலிக்கும் கொள்முதல் ஆளும் இருப்புத் திட்டமிடுபவரும் தேவை.

மென்பொருள் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளைச் சொல்லித் தருகிறோம் என்ற ஒரு வரியை நம்பிச் சேர்பவர்கள் ஒரு பக்கம். எந்தப் பதிப்பு, எத்தனை மணி நேரம், மாணவர் தானே பதிவுகளைப் போட முடியுமா, அல்லது திரையில் ஆசிரியர் காட்டுவதைப் பார்ப்பது மட்டுமா என்று கேளுங்கள். எஸ்ஏபியின் புதிய தலைமுறையான எஸ்/4ஹானா வெளிவந்தது 2015இல். அதற்கு முந்தைய தலைமுறையை மட்டும் காட்டும் லேப் பெரிதாக உதவாது. மறுபக்கம், பொத்தான்கள் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள். அடுத்த ஆர்டர் போட வேண்டிய இருப்பு அளவான ரீஆர்டர் பாயின்டை மென்பொருள் தானே கணக்கிடும். அதற்குக் கொடுத்த லீட் டைம் பழையது என்று கண்டுபிடிப்பது மனிதர் வேலை. நம் பரிந்துரை: முதல் ஆண்டில் எக்செல், அதிலும் பிவட் டேபிளும் எக்ஸ்லுக்அப்பும் கை வர வேண்டும். இரண்டாம் ஆண்டில், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல். பைதான் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆவணங்களையும் சரக்குக் கணக்கையும் குமாஸ்தா வேலை என்று ஒதுக்குவது இன்னொன்று. 60 × 50 × 40 செ.மீ. பெட்டி 8 கிலோ எடை. விமானச் சரக்கில் பொதுவாக 6,000 கன செ.மீ.க்கு ஒரு கிலோ என்று கணக்கு. 1,20,000ஐ 6,000ஆல் வகுத்தால் 20 கிலோ. கட்டணம் 8 கிலோவுக்கு அல்ல, 20 கிலோவுக்கு. பெட்டியைச் சிறிதாக்கச் சொல்லும் பேக்கேஜிங் ஆள் ஏன் முக்கியமானவர் என்று இங்கே புரியும். 20 அடி கண்டெய்னரின் உட்பகுதி ஏறத்தாழ 33 கன மீட்டர். அட்டைப்பெட்டிகளையும் பேலட்டுகளையும் வைத்தால் அவ்வளவும் நிரம்பாது. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையை அறிவிக்காத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. இவற்றைக் கேட்டறியாமல் பட்டம் வாங்க முடியும் என்றால் அந்தப் பாடத்திட்டத்தில் ஓட்டை இருக்கிறது.

இன்டர்ன்ஷிப்பில் கால அளவைக் கவனியுங்கள். இருப்பும் கொள்முதலும் பெரும்பாலும் மாதச் சுழற்சியில் ஓடுபவை. நான்கு வாரம் போனால் ஒரே ஒரு மாத முடிவைத்தான் பார்ப்பீர்கள், அதுவும் எதுவும் புரியாத நிலையில். எட்டு வாரம் இருந்தால் இரண்டாவது சுழற்சியில் கை வைக்கலாம். கல்லூரி கட்டாயப்படுத்துவது இரண்டே வாரம் என்றால், அது சான்றிதழுக்கான சடங்கு. போன இடத்தில் பழைய ஆர்டர் பதிவுகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சப்ளையரும் சொன்ன தேதிக்கும் வந்த தேதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டியல் போடுங்கள். பல நிறுவனங்களில் இதை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

சான்றிதழ்களுக்கு அவசரப்பட வேண்டாம். சப்ளை செயின் துறையின் தொழில்முறை அமைப்பான ஏஎஸ்சிஎம்மின், அதாவது முன்பு ஏபிக்ஸ் என்று அழைக்கப்பட்டதன், சிபிஐஎம் சான்றிதழ் உற்பத்தித் திட்டமிடலுக்கும் இருப்புக்கும் உரியது. சிஎஸ்சிபி முழுச் சங்கிலியையும் தொடுவது. இரண்டும் மதிப்புள்ளவை. ஆனால் எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாத முதல் ஆண்டில் பணம் கட்டுவது வீண். வேலை கிடைத்த பிறகு சில நிறுவனங்கள் கட்டணத்தைத் தாங்களே தருவதும் உண்டு.

வேலைவாய்ப்பு விவரத்தில் நிறுவனங்களின் பெயர்களை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். ஒரே பெரிய நிறுவனம், விற்பனைத் தேவையைக் கணிக்கும் டிமாண்ட் பிளானரையும் எடுக்கும், பார்சல் பிரிப்பவரையும் எடுக்கும். விளம்பரத்தில் இரண்டும் ஒரே லோகோ. பதவியின் பெயரோடு பட்டியலைக் கேளுங்கள்: இன்வென்டரி பிளானர், பையர், போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர், கிடங்கு மேற்பார்வையாளர் என்று எத்தனை எத்தனை பேர்? தரத் தயங்கினால், இரண்டு ஆண்டுக்கு முன் முடித்தவர்களை வேலைவாய்ப்புத் தளங்களில் தேடினால் பெரும்பாலும் பதவியோடு கிடைத்துவிடுவார்கள். இருபது பேரைப் பார்த்தால் போக்கு தெரியும்.

கிடைக்கும் கல்லூரியில் இந்தத் துறை பலவீனமாக இருக்கிறது, புள்ளியியலோ தொழிற்பொறியியலோ கணக்குப்பதிவோ வலுவாக இருக்கிறது என்றால், அந்த வலுவான துறையை முதன்மையாக எடுத்து, சப்ளை செயினைத் துணைப்பாடமாக வைத்துக்கொள்வது பல சமயம் மேல். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களும் விருப்பப் பாடங்களில் இதை ஓரளவு ஈடுகட்டலாம்: ஒரு செமஸ்டர் புள்ளியியல், ஒரு செமஸ்டர் ஆபரேஷன்ஸ் ரிசர்ச், ஒரு செமஸ்டர் செலவுக் கணக்கியல். மூன்றில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் புள்ளியியல்.