சாயத் தண்ணீரில் சிலிக்கா ஜெல்: வீட்டிலேயே ஒரு சோதனை

புது ஷூ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு குட்டிப் பொட்டலம் கிடக்குமே, அதுதான் சிலிக்கா ஜெல். அந்த மணிகள் முழுக்க நுண்துளைகள். ஒரு கிராமில் உள்ள துளைச் சுவர்களை விரித்துப் போட்டால் பல நூறு சதுர மீட்டர் வரும். தண்ணீரில் கரைந்த சாயம் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளுமா என்று பார்த்துவிடலாம்.

வெள்ளை மணிகள் நான்கு ஸ்பூன், மீன் தொட்டிக்கு விடும் மெத்திலீன் புளூ, ஒரு சிட்டிகை கேசரி பவுடர், நான்கு பழைய கண்ணாடி டம்ளர், கையுறை, டிஸ்டில்டு வாட்டர். இவ்வளவு போதும். நீல மணிகள் வேண்டாம், அவற்றில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் குளோரைடு இருக்கும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் சாயத்தோடு இடத்துக்குப் போட்டி போடும்.

முதலில் மணிகளை வெறும் தண்ணீரில் போடுங்கள். கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று சத்தம் வரும், சில மணிகள் விரிசல் விடும். பயப்பட வேண்டாம், தண்ணீர் உள்ளே பாய்ந்து காற்றைத் தள்ளுகிறது. இதைத் தவிர்த்துவிட்டு உலர்ந்த மணிகளை நேராகச் சாயத்தில் போட்டால், சாயம் ஒட்டியதா, தண்ணீரோடு சேர்ந்து உறிஞ்சப்பட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்து, மெத்திலீன் புளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டு வெளிர் நீலக் கரைசல் தயாரியுங்கள். இரண்டு டம்ளரில் சம அளவு ஊற்றுங்கள். கேசரி பவுடரையும் அதேபோல் கரைத்து மற்ற இரண்டில் ஊற்றுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு டம்ளரில் மட்டும், வடித்த மணிகள் இரண்டு ஸ்பூன். மற்றது ஒப்பிட்டுப் பார்க்க. அவ்வப்போது கலக்கிவிட்டு, ராத்திரி முழுக்க வைத்திருங்கள். ஒரு மணி நேரம் கழித்து நீலக் கரைசலில் போட்ட ஒரு மணியை எடுத்து பிளேடால் நறுக்கிப் பாருங்கள்: ஓரம் நீலம், நடுவில் வெள்ளை. சாயம் உள்ளே நடந்துபோகும் வேகம் அவ்வளவுதான்.

காலையில் டம்ளர்களுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். நீலம் நன்றாக வெளுத்திருக்கும். கேசரி நிறம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். தண்ணீரில் சிலிக்காவின் பரப்பு எதிர்மின்சுமை (நெகட்டிவ்) பெறுகிறது. மெத்திலீன் புளூ நேர்மின்சுமை கொண்டது, அதனால் ஒட்டுகிறது. கேசரி பவுடரின் சாயமும் எதிர்மின்சுமைதான், விலகி நிற்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தத் தோல்விதான். 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களும் எதிர்மின்சுமை கொண்டவை. வெறும் சிலிக்காவை நம்பி அந்தக் கழிவுநீரில் இறங்க முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள், 1992இல் மோபில் நிறுவன விஞ்ஞானிகள் வெளியிட்ட எம்சிஎம்-41 போன்ற சீரான துளையுள்ள சிலிக்காவின் சுவரில் அமீன் என்ற நைட்ரஜன் உள்ள அணுத் தொகுதிகளைப் பதிக்கிறார்கள். லேசான அமிலத்தில் அவை நேர்மின்சுமை பெற்று இந்தச் சாயங்களைப் பிடிக்கின்றன.

சரி, சாயம் ஏறி நீலமான மணிகளைக் கொஞ்சம் வினிகரில் போட்டு வையுங்கள். சாயம் மறுபடி வெளியே கசியும், எங்கும் அழிந்துபோகவில்லை. அதனால் வெளுத்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது. மணிகளைக் காயவைத்து, கவரில் கட்டி, குப்பையில் சேருங்கள்.