மார்ச் 31-க்குப் பிறகு யார் காசு? என்எஸ்எஸ் முகாம் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஆண்டும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் (என்எஸ்எஸ்) ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு முந்தைய மாதம், திட்ட அலுவலரான என்னிடம் மாணவர்கள் கொண்டுவரும் திட்டத் தாளைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். மரக்கன்று, கண்மாய் சுத்தம், பள்ளிக்கு ஒரு பொருள், கடைசி நாள் நிறைவு விழா. நாங்கள் தன்னார்வலர்களாக இருந்த காலத்தில் எழுதியதும் இதேதான். அப்போது வெள்ளைத் தாள், இப்போது பிடிஎஃப்.

நேரத்துக்கு வாருங்கள், செல்போனைக் குறையுங்கள் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல எல்லாக் கல்லூரியிலும் ஒருவர் இருப்பார். இங்கே பணத்தை வீணாக்கும் தவறுகள் மட்டும்.

முதலில் அந்தப் பணம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் தொடங்கியது. மாணவர் எண்ணிக்கை பெருகிய வேகத்தில் தலைக்கு ஒதுக்கும் தொகை பெருகவில்லை. நெடுங்காலம் ஒரு தன்னார்வலருக்கு வழக்கமான பணிகளுக்கு ஆண்டுக்கு 250 ரூபாய், ஏழு நாள் முகாமுக்கு 450 ரூபாய் என்பதே கணக்கு. 50 பேர் முகாமுக்கு 22,500. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 64 ரூபாய் சொச்சம். சாப்பாடு, டீ, வண்டி வாடகை, பாத்திர வாடகை எல்லாம் அதற்குள். பிறகு தொகையைக் கூட்டினார்கள், அதற்குள் காய்கறி விலையும் கூடிவிட்டது. ஆக, ஊருக்கென்று செய்யும் வேலைக்குக் கையில் நிற்பது சில ஆயிரம். மீதிக்கு முன்னாள் மாணவர்கள், ரோட்டரி சங்கம், கடைவீதி என்று ஏறி இறங்குகிறோம்.

ஃப்ளெக்ஸ்

ஒன்று போதும். ஆண்டைப் போடாமல் அடியுங்கள், அடுத்த முகாமுக்கும் ஆகும்.

பள்ளிக்கு ஒரு பொருள்

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

இராமநாதபுரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அங்கே உப்பை அளக்கும் மீட்டர் அந்த எல்லையையும் தாண்டியது. வேறொரு கல்லூரியின் மாணவர்கள் ஊர் ஊராகப் பணம் திரட்டி அந்தப் பள்ளிக்கு உப்பை நீக்கும் ஆர்ஓ மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். ரிப்பன் வெட்டு, ஊராட்சித் தலைவர், புகைப்படம். செய்தித்தாளில்கூட வந்தது.

அடுத்த ஆண்டு எங்கள் முகாம் அதே ஊரில். மெஷின் வராந்தாவில் நின்றது. உள்ளே வண்டலைப் பிடிக்கும் முதல் ஃபில்டர் காபித்தூள் நிறத்தில். மெஷின் தலைமேல் சாக்பீஸ் பெட்டிகள். ‘அன்பளிப்பு’ ஸ்டிக்கர் மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. தலைமையாசிரியை சொன்னார்: “நல்ல பிள்ளைங்கதான் சார். மூணு மாசத்துல தண்ணி சொட்டுச் சொட்டா வர ஆரம்பிச்சுது. போன் பண்ணா, ஃபில்டர் செட்டே மாத்தணும், ஆள் வர்றதுக்குத் தனியா சர்வீஸ் சார்ஜுன்னாங்க. நான் அதை எந்தக் கணக்குல எழுதுறது?”

இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று இரவே என் மாணவன் ஒருவன் கேட்கிறான்: “சார், நாம புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாமா?”

இங்கேதான் கோளாறு. அரசு தரும் முகாம் நிதியை அந்த நிதியாண்டுக்குள் செலவு செய்து கணக்குக் காட்ட வேண்டும். மிஞ்சியதை “பராமரிப்புக்கு இருக்கட்டும்” என்று பீரோவில் வைக்க முடியாது. உங்கள் பணம் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்தது. ஃபில்டரோ ஏப்ரலில் அடைக்கும். அடைத்ததை மாற்றாமல் ஓட்டினால் பின்னால் இருக்கும், உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேன் போகும், அது ஃபில்டரைவிடப் பல மடங்கு விலை. உப்பு ஏறிய தண்ணீரில் அதன் ஆயுள் ஏற்கெனவே குறைவு. போதாததற்கு ஆர்ஓ மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமான தண்ணீரைக் கழிவாகத் தள்ளும். அந்தப் பள்ளியில் கழிவுக் குழாயை வராந்தா ஓரத்தில் அப்படியே விட்டிருந்தார்கள். மெஷின் ஓடிய மூன்று மாதமும் அங்கே சேறு, கொசு.

இன்னொன்றும் நடந்தது. அந்த மெஷினைப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் யாரும் ஏற்றவில்லை. ஒப்படைப்புக் கடிதமும் இல்லை. பதிவேட்டில் ஏறாத பொருளைப் பழுதுபார்க்கக் காசு எடுக்க முடியாது. பயனற்றது என்று கழிக்கவும் முடியாது. கொடுத்தவர்கள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள்.

ஆகவே ஒரு பொருளின் விலையைக் கேட்கும் முன் “அடுத்த ஜூனில் இதற்கு யார் காசு போடுவார்?” என்று கேளுங்கள். பதிலாக ஒருவர் பெயரும் அவரது பதவியும் வர வேண்டும். “ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று வந்தால் யாரும் இல்லை என்று பொருள். அப்போது தொடர்செலவு இல்லாத வேலைக்கு மாறுங்கள்: கரும்பலகைக்கு வண்ணம், பெஞ்சுக்குக் கால், புத்தக அலமாரி, உடைந்த குழாயடி மேடை. மெஷின்தான் வேண்டுமென்றால் நன்கொடைப் பணத்திலிருந்து இரண்டு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான தொகையை, மெஷின் வாங்கும் அன்றே கடைக்காரரிடம் கட்டிவிடுங்கள். அரசு நிதியில் அதைச் செய்யப்போய் ஆடிட்டில் மாட்டாதீர்கள். ஒப்படைப்புக் கடிதம் இரண்டு பிரதி, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் கையெழுத்து, பதிவேட்டுப் பக்கத்தின் போட்டோ. இவை இல்லாமல் ரிப்பன் வாங்காதீர்கள்.

அந்தப் பள்ளியில் கடைசியில் என்ன செய்தோம்? ஊராட்சியின் தண்ணீர் டேங்க் ஆபரேட்டரிடம் பேசியபோதுதான் தெரிந்தது, காவிரிக் கூட்டுக் குடிநீர் தெருமுனை வரை வருகிறது என்று. பள்ளிக்குள் போகும் கிளைக் குழாயை ரோடு போட்டபோது உடைத்துவிட்டார்கள், யாரும் ஒட்டவில்லை. மாணவர்கள் பள்ளம் தோண்டினார்கள். ஆபரேட்டர் பிவிசி குழாயை ஒட்டி, ஒரு கேட் வால்வு போட்டுக் கொடுத்தார். ஆர்ஓ மெஷின் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை. அது ஊராட்சியின் லைன் என்பதால் இனி உடைந்தாலும் அவர்தான் வர வேண்டும். ரிப்பன் கட்ட இடமில்லை என்பதில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

பிப்ரவரியில் மரக்கன்று

முகாம் பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் விழும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை போய், வெயில் ஏறும் நேரத்தில் குழி வெட்டிக் கன்று வைத்தால் சித்திரையில் குச்சிதான் நிற்கும். இதற்கு வேளாண்மைப் பட்டம் தேவையில்லை, ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார்.

முகாமில்தான் நட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒவ்வொரு தன்னார்வலரும் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும் அல்லவா? ஐப்பசியில் இரண்டு சனிக்கிழமை அதே ஊருக்குப் போய் நடுங்கள். முகாமின்போது வேலி, பாத்தி, மூடாக்கு, செத்த கன்றுக்கு மாற்று. எண்ணிக்கையையும் குறையுங்கள். இருநூறு நட்டோம் என்று அறிக்கையில் எழுத நன்றாக இருக்கும். கோடையில் குடம் தூக்க எத்தனை வீடு சம்மதித்ததோ, அத்தனை கன்றுதான் நட வேண்டும்.

கண்மாய் யாருடையது

கண்மாய்க்கு 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். ஊருணி, குட்டை என்றால் ஊராட்சி. யாரிடம் கடிதம் கொடுப்பது என்பதே இதை வைத்துத்தான். ஊராட்சித் தலைவர் “நான் பாத்துக்கறேன் தம்பி” என்று சொன்னது நீர்வளத் துறைக் கண்மாய்க்குச் செல்லாது.

கரையில் குப்பை பொறுக்குவதும் வரத்துக்கால் செதுக்குவதும் வேறு, ஜேசிபி இறக்குவது வேறு. அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர் மண் வெளியே போனாலும் கனிம விதிகளின்படி வழக்கு வரலாம், அதில் உங்கள் கல்லூரி பெயர் இருக்கும். சீமைக்கருவேலம் வெட்டுவதாக இருந்தால் விறகு யாருக்கு என்பதை முன்பே எழுத்தில் வாங்குங்கள். கரிமூட்டம் போடும் ஊரில் அது காசு. வெட்டி முடித்த பிறகு நடக்கும் பேச்சுவார்த்தையில் மாணவர்களுக்கு வேலை இல்லை.

சர்வே

முகாம் ஊரில் போன ஆண்டு எடுத்த சர்வே எங்கே? அதை முதலில் படியுங்கள்.

பொன்னாடை

வாங்காதீர்கள்.

பில்

கடைக்காரர் உங்கள் பெயரைக் கேட்டு எழுதிவிடுவார், நீங்களும் மகிழ்ந்து வாங்கி வருவீர்கள். செல்லாது. திட்ட அலுவலர், நாட்டு நலப்பணித் திட்டம், அணி எண், கல்லூரி பெயர் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கவுண்டரில் நீட்டுங்கள். சந்தையில் காய்கறிக்கு பில் கிடைக்காது. அதற்கு வவுச்சர் உண்டு, விற்றவர் பெயரும் கையெழுத்தும் வேண்டும். மினி லாரி என்றால் வண்டி எண்ணும் வேண்டும். ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்துப் பெற்ற ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. மளிகைக் கடையின் பளபளப்புத் தாள் பில்லை அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், ஆடிட் வருவதற்குள் வெள்ளைத் தாள் ஆகிவிடும்.

பணத்தை உரிய வேலைக்கே செலவழித்தோம் என்று சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்த தவணை வரும். அதில் கையெழுத்துப் போடுகிறவர்கள் திட்ட அலுவலரும் முதல்வரும். ஒரு பில் உங்கள் பேன்ட் பாக்கெட்டில் துவைக்கப் போனால் அந்தத் தொகை எங்கள் சம்பளத்திலிருந்து போகும். முகாம் முடிகிற அன்று பில் கவரை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.