கட்டற்ற ரோல்பிளேயா, விதிகள் நிறைந்த ரோல்பிளேயா: தேர்ந்தெடுப்பது எப்படி?

எழுத்து வழியாக ரோல்பிளே, அதாவது ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கூட்டாகக் கதை எழுதும் விளையாட்டு, ஆட வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கதைக்களத்தைத்தான் பார்க்கிறார்கள். மாயாஜால உலகமா, விண்வெளியா, துப்பறியும் கதையா என்று தேடி, பிடித்த ஒன்றில் சேர்ந்துவிடுகிறார்கள். அதற்கும் முன்னதாகத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இருவர் எழுதும் பாத்திரங்கள் மோதும்போது, அடுத்து என்ன நடந்தது என்பதை யார் முடிவு செய்வது? கட்டற்ற ரோல்பிளேயில் எழுதுபவர்களே பேசி முடிவு செய்கிறார்கள். விதிகள் நிறைந்த ரோல்பிளேயில் பகடையும் பாத்திரத்தின் திறமையை அளக்கும் புள்ளிகளும் முடிவு செய்கின்றன.

இவ்விரண்டு வழிகளும் நேற்று தோன்றியவை அல்ல. 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ரோல்பிளே விளையாட்டு போர் விளையாட்டுகளின் வழிவந்தது என்பதால், உயிர்ப்புள்ளி, கவசம், தாக்குதல் என எல்லாவற்றையும் எண்ணால் அளந்தது. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான மட் என்னும், பலர் சேர்ந்து எழுத்தால் ஆடும் கணினி விளையாட்டிலும் புள்ளி சேர்த்து உயர்வதே நோக்கமாக இருந்தது. 1989இல் வந்த, அதே வகையைச் சேர்ந்த டைனிமட் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, பேசுவதற்கும் இடங்களை உருவாக்குவதற்கும் முதன்மை தந்தது. இன்று நாம் தேர்ந்தெடுக்கும் இரு பாதைகளும் அப்போதே பிரிந்துவிட்டன.

கட்டற்ற முறை எளிது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தொடங்குவதற்கு அது எளிதுதான். ஒரு பெயரும் சிறு பின்னணியும் போதும். தொடர்ந்து ஆடுவதற்கோ நல்ல கட்டுப்பாடு வேண்டும், ஏனெனில் தடுக்கும் விதி எதுவும் அங்கே இல்லை. "என் வாள் அவன் தோளைப் பிளந்தது" என்று எழுதினால், எதிரில் இருப்பவரின் பாத்திரத்துக்கு நேர்ந்ததையும் நீங்களே எழுதிவிட்டீர்கள் என்று பொருள். "அவன் இடது தோளைக் குறிவைத்து வாளை வீசினேன், வீசிய வேகத்தில் என் விலாப்பக்கம் காப்பின்றித் திறந்துகொண்டது" என்று எழுதிப் பாருங்கள். இதில் முயற்சி மட்டுமே உங்களுடையது, விளைவு அவருடையது; அவர் விலகலாம், வெட்டுப்படலாம், திறந்த விலாவில் திருப்பித் தாக்கவும் செய்யலாம். முயற்சியை எழுதி விளைவை விட்டுக்கொடுக்கும் இந்தப் பழக்கம்தான் கட்டற்ற ரோல்பிளேயின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம். எந்த அடியும் படாத பாத்திரத்தோடு யாரும் நீண்ட நாள் எழுத மாட்டார்கள்.

விதிகள் நிறைந்த முறையில் வரிசை தலைகீழாகிறது: முதலில் பகடை, பிறகுதான் எழுத்து. ஒரு பூட்டைத் திறக்கும் கடினம் 15, உங்கள் பாத்திரத்தின் திறமைக் கூடுதல் 3 என்று வைத்துக்கொள்வோம். விழும் எண்ணோடு கூடுதலைச் சேர்த்து 15ஐ எட்ட வேண்டும் என்பதால், இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது 9 முகங்கள் உங்கள் பக்கம், வாய்ப்பு 45 விழுக்காடு. பாதிக்கும் மேலான தடவைகள் பூட்டு திறக்காது. வெற்றியை மனத்தில் எழுதி வைத்துக்கொண்டு பகடையை உருட்டுபவருக்கு இது ஏமாற்றம் தரும். கம்பி உடைந்து பூட்டுக்குள் சிக்கிக்கொண்ட காட்சியை அதே ஆர்வத்தோடு எழுத முடிகிறவருக்கு இந்த முறை பெரும் விருந்து.

பகடையின் வகையையும் கவனியுங்கள். இருபது முகப் பகடையில் எந்த எண்ணும் ஒரே அளவு வாய்ப்புடன் விழும். இரண்டு ஆறுமுகப் பகடைகளைக் கூட்டும் முறையில் 36 வழிகளில் 6 வழிகள் 7ஐத் தருகின்றன, 12க்கு ஒரே வழிதான். ஆகவே அங்கே விளைவுகள் நடுவில் திரளும், திறமைக் கூடுதலில் ஒரு புள்ளி கூடினாலே வேறுபாடு தெரியும்.

உங்கள் மனம் எதில் நிற்கும் என்று அறிய, உங்கள் பாத்திரம் ஒரு முக்கியமான சண்டையில் தோற்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தத் தோல்வியை எப்படி, எப்போது என்று நீங்களே எதிராளியோடு பேசி அமைக்க விரும்பினால் கட்டற்ற முறைக்குச் செல்லுங்கள். எதிர்பாராமல் வந்து விழும் தோல்வியே கதைக்கு உண்மைத்தன்மை தருகிறது என்று தோன்றினால், விதிகளைப் படிக்கச் செலவாகும் நேரம் வீணாகாது. சண்டைக்கு மட்டும் பகடை, உரையாடலுக்கு விதியில்லை என்ற இடைவழியும் உண்டு. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

எங்கே சேர்ந்தாலும், நீண்ட பின்னணி எழுதுவதற்கு முன் ஒரே ஒரு சிறு காட்சியை ஆடிப் பாருங்கள். சேரும் முன்பே மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் பாத்திரம் சாகக்கூடுமா, ஒரு பதிலுக்கு எத்தனை நாள் காத்திருப்பது வழக்கம், கருத்து வேறுபாடு வந்தால் தீர்ப்புச் சொல்பவர் யார். முதல் கேள்விக்கு நேரடியான பதில் வரவில்லையென்றால், பாத்திரத்தை அங்கே கொண்டுசெல்லாதீர்கள்.