மாங்க்ஸ் மொழியில் ‘செய்யாதே’ என்று சொல்லும்போது நேரும் தவறுகள்

அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவிலுள்ள மான் தீவின் மொழி மாங்க்ஸ். அதைத் தாய்மொழியாகப் பேசியவர்களில் கடைசியானவர் என்று அறியப்படும் நெட் மேட்ரெல் 1974-இல் மறைந்தார். ஆனாலும் தீவினர் மொழியைக் கைவிடாமல் 2001-இல் மாங்க்ஸ் வழியில் கற்பிக்கும் தொடக்கப்பள்ளியையே நிறுவினார்கள். இம்மொழியைக் கற்க முனையும் தமிழர் பெரும்பாலும் ஆங்கிலப் பாடங்களின் வழியாகவே அதை அணுகுகிறார்கள். தமிழை நினைத்துக்கொண்டாலே தவிர்த்திருக்கக்கூடிய பல தவறுகள் அதனால்தான் நேர்கின்றன என்பது என் கருத்து.

முதல் தவறு, எதிர்மறைக்கு ஒரே சொல்தான் உண்டென்று எண்ணுவது. ‘ந ஜீன் ஷென்’ என்றால் ‘அதைச் செய்யாதே’. ‘ஹா ஜீன் ஊ ஷென்’ என்றால் ‘நீ அதைச் செய்யமாட்டாய்’. ‘நஹ் ஜீன் ஊ ஷென்?’ என்றால் ‘நீ அதைச் செய்யமாட்டாயா?’. மூன்றிலும் ‘ஜீன்’ என்ற வினைவடிவம் மாறாமல் நிற்க, முன்னால் வரும் சிறு சொல்லே ஏவலா, கூற்றா, வினாவா என்று முடிவு செய்கிறது. தமிழில் வினையின் ஈறு செய்யும் வேலையை மாங்க்ஸில் முன்சொல் செய்கிறது என்று பிடித்துக்கொண்டால், ஏவலில் ‘ஹா’ போடும் பிழை வராது. எழுத்தில் ‘ந’ இன்னொரு வகையிலும் ஏமாற்றும்: ‘அல்லது’ என்ற சொல்லும், பன்மைப் பெயருக்கு முன் வரும், ஆங்கில ‘the’ போன்ற சுட்டும் அதே எழுத்துக்கூட்டல் கொண்டவை. ஆகவே அடுத்து வருவது வினையா பெயரா என்று பார்க்காமல் பொருள் கொள்ளக் கூடாது.

‘ந’வுக்குப் பின் வினைப்பெயரை நேராக வைப்பதும் தவறு. ‘க்ரா’ என்பது ‘சொல்லுதல்’. அதன் ஏவல் வடிவமோ அடையாளமே தெரியாத ‘அபர்’. ஒழுங்கற்ற ஏவல்கள் மனப்பாடமாகும்வரை ‘ந ஜீன்’ என்பதோடு வினைப்பெயரைச் சேர்த்து, ‘ந ஜீன் க்ரா ஷென்’ என்று சொல்லலாம். இது தற்காலிக ஊன்றுகோல் அன்று, பேச்சில் இயல்பாகப் புழங்கும் அமைப்பே.

பலரிடம் பேசும்போது ஏவலோடு ‘ஜீ’ சேர்ந்து ‘ந ஜீன்-ஜீ’ ஆகிறது. நன்றி சொல்வதிலும் ஒருவருக்கு ‘குர மை எட்’, பலருக்கோ மதிப்புக்குரியவருக்கோ ‘குர மை எவ்’ என்ற வேறுபாடு உண்டு. நீ, நீங்கள் என்று பழகிய நமக்கு இது எளிது. ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு இல்லாததால் அதன் வழியாகக் கற்பவர்கள்தான் ஒருமை வடிவத்தையே எல்லோரிடமும் பயன்படுத்துகிறார்கள்.

உரையாடலில் அதிகம் தடுமாறச் செய்வது ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றுக்கு நேரான பொதுச் சொற்களைத் தேடுவது. மாங்க்ஸில் கேள்வியின் வினையே பதிலாகத் திரும்பி வரும். ‘வெல் ஊ ஸ்கீ?’, அதாவது ‘களைப்பாக இருக்கிறாயா?’ என்று கேட்டால் ‘தா’ என்றோ ‘ஹா நெல்’ என்றோ சொல்ல வேண்டும். ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என்று சொல்லும் நம் வழக்கம் இங்கே நேரடியாகக் கைகொடுக்கிறது.

உச்சரிப்பை மட்டும் எழுத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். ‘இரவு’ என்ற சொல்லை மூன்று உயிரெழுத்துகளால் எழுதுகிறார்கள். ஒலிப்பதோ வெறும் ‘ஈ’. 1948-இல் அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் தாய்மொழிப் பேச்சாளர்களின் குரலைப் பதிவுசெய்து வைத்தது. நெட் மேட்ரெலின் குரலும் அவற்றில் உண்டு. எழுத்துக்கூட்டலை மனப்பாடம் செய்வதற்கு முன்பே அப்பதிவுகளைக் கேட்கத் தொடங்கிவிடுங்கள்.