டயலிசிஸ் செய்பவர் வன்னிக்குப் போகும்போது வயிறு கட்டினால்

டயலிசிஸ் செய்யும் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வன்னியில் உள்ள ஊருக்குப் போவதென்றால், முதலில் எல்லாரும் தேடுவது மெஷினைத்தான். அது சரியானதுதான். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ நாளும் நேரமும் உறுதியாகாமல் ரிக்கற் போடவேண்டாம். ஆனால் வயிற்றைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை.

இவர்களுக்கு மலச்சிக்கல் வழக்கமான தொல்லை. தண்ணீர் அளந்துதான் குடிக்கவேண்டும், பொட்டாசியத்துக்குப் பயந்து பழமும் கீரையும் குறைவு. இரத்தத்தில் பொஸ்பேற்றைக் குறைக்கச் சாப்பாட்டோடு போடும் குளுசையும் இரும்புக் குளுசையும் குடலை இன்னும் இறுக்கும். அதற்குமேல் விமானம், பிறகு கட்டுநாயக்காவில் இருந்து ஏ9 வீதி வழியே வான் வண்டியில் நீண்ட இருப்பு. ஊர் வீட்டிலே கக்கூசு வளவின் மூலையில் இருக்கும். இருட்டில் பூச்சி பூரானுக்குப் பயந்து விடியும்வரை அடக்கிக்கொள்வார்கள். நல்ல ரோர்ச் ஒன்றும், முழங்கால் ஏலாதவருக்குக் கொமட் கதிரையும் முதலே ஒழுங்குசெய்து வையுங்கள்.

சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குப் பொட்டாசியத்தில் ஒரு பங்கு மலத்தோடுதான் வெளியேறுகிறது. வயிறு கட்டினால் அதுவும் உடம்பிலேயே தங்கி, இதயத் துடிப்பைக் குழப்பலாம். வயிற்றில் குழாய் வைத்து டயலிசிஸ் செய்பவருக்கோ, நிறைந்த குடல் குழாயை நெருக்கி, உள்ளே விட்ட திரவத்தை வடியவிடாது.

"ரெண்டு கதலிப்பழம் சாப்பிடு, ஒரு செவ்விளநி குடி, எல்லாம் சரிவரும்" என்று மாமி அன்போடுதான் சொல்வா. இரண்டிலும் பொட்டாசியம் நிறைய. "மாமி, டொக்டர் மறிச்சுப்போட்டார். கோவாவை அவிச்சு, தண்ணியை வடிச்சுப்போட்டு வறை வையுங்கோ" என்று கேளுங்கள், மாமிக்கும் மனம் நிறையும். நட்சத்திரப்பழத்தை மட்டும் வாயில் வைக்கவே விடாதீர்கள். சிறுநீரக நோயாளிக்கு அது விக்கலில் தொடங்கி, வலிப்பு, மரணம்வரை கொண்டுபோயிருக்கிறது.

பாமசியில் "வயித்தாலை போக ஏதாவது" என்று கேட்டால் மில்க் ஒஃப் மக்னீசியா கைக்கு வரலாம். வேண்டாம். பேதியுப்பும் வேண்டாம். இரண்டிலும் உள்ள மக்னீசியம் வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் ஏறி, மூச்சையும் இதயத்தையும் தளர்த்தும். பொஸ்பேற் கலந்த எனிமாவும் அப்படியே ஆபத்து. இசப்கோலுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், அளந்து குடிப்பவருக்கு அது குடலில் அடைத்துக்கொள்ளலாம். என்ன கலந்தது என்று தெரியாத சூரணம், லேகியமும் வேண்டாம்.

பொதுவாக டொக்டர்மார் இவர்களுக்குக் கொடுப்பது லக்டுலோஸ், சென்னா, பிசகோடில், ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் வில்லை போன்றவை. உங்கள் டயலிசிஸ் பிரிவில் கேட்டு, அளவை எழுதுவித்து, அங்கிருந்தே கொண்டுபோங்கள். லக்டுலோஸ் வேலைசெய்ய இரண்டு நாள்வரை எடுக்கும், அவசரப்பட்டு அளவைக் கூட்டாதீர்கள். சென்னாவும் பிசகோடில் குளுசையும் ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்தில் வேலைசெய்யும். மறுநாள் டயலிசிஸோ நீண்ட பயணமோ இருந்தால் அன்றிரவு போடாமல் விடுவது நல்லது. பிசகோடிலைப் பாலோடோ, கல்சியம் குளுசையோடோ சேர்த்து விழுங்கக்கூடாது. அளவுமீறி வயிற்றாலை போனால் பிரஷர் விழும், டயலிசிஸுக்கு ஊசி குத்தக் கையில் இணைத்துவைத்த இரத்தக்குழாயான பிஸ்டுலாவும் அடைபடலாம். கட்டுகிறது என்பதற்காகப் பொஸ்பேற்றைக் குறைக்கும் குளுசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வயிறு வீங்கி வலித்து, சத்தி எடுத்து, காற்றும் பிரியாவிட்டால், அல்லது மலத்தில் இரத்தம் கண்டால், வீட்டு மருந்தோடு மினக்கெடாதீர்கள். கைகால் சோர்ந்து நெஞ்சு படபடத்தாலும் அப்படியே. 1990 க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். கடைசியாக டயலிசிஸ் செய்த நாள், கடைசிப் பொட்டாசிய அளவு, போடும் மருந்துகள் எல்லாம் எழுதிய கடிதத்தைப் பாஸ்போட்டோடு வைத்திருங்கள். வாட்டில் யாராவது எனிமா கொடுக்க வந்தால், முதலில் அந்தக் கடிதத்தை நீட்டுங்கள்.